குறுக்கே போகிறவர்களை யார் எண்ணுவது?

புது நெடுஞ்சாலை வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதும் எல்லோர் வாயிலும் முதலில் வருகிற கேள்வி "நம்ம நிலம் போகுமா, போகாதா?" என்பதுதான். நியாயமான கேள்வி. நிலம் போகிறவர்களின் இழப்பு பெரிது. ஆனால் அதற்குச் சட்டம் இருக்கிறது, வழக்கு இருக்கிறது, இழப்பீட்டுக் கணக்கு இருக்கிறது, போதுமோ போதாதோ பேசுவதற்கு ஒரு மேசையாவது இருக்கிறது. நான் எழுத வந்தது இன்னொரு கூட்டத்தைப் பற்றி. ஓர் அடி நிலம்கூடப் போகாது, வீட்டுச் சுவரில் ஒரு கீறல்கூட விழாது, ஆனால் வயலுக்கும் பள்ளிக்கும் வேலைக்கும் தினமும் போய்வந்த வழி மட்டும் போய்விடும். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

சாலைத் திட்டங்களின் வரைபடங்களையும் அறிக்கைகளையும் ரொம்ப காலமாக விடாமல் படித்து வருகிறேன், முடிந்தபோது கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்கும் போகிறேன். நான் பார்த்தவரை, பிரச்சினையின் வேர் ஒன்றுதான். சாலையைத் திட்டமிடுகிறவர்கள் அந்தப் பகுதியை நெடுக்காகப் பார்க்கிறார்கள், அங்கே இருப்பவர்கள் குறுக்காக வாழ்கிறார்கள். நெடுக்கே போகிற வண்டிகளை எண்ண இயந்திரம் வைக்கிறார்கள். குறுக்கே போகிற மனிதர்களை எண்ண யாரும் வருவதில்லை.

இது ஏன் முக்கியமாக நகரத்தின் ஓரத்தில், முழுக் கிராமமும் இல்லாமல் முழு நகரமும் இல்லாமல் இருக்கிற பகுதிகளில் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். நகரத்துக்குள் சாலை போட்டால் ஆயிரம் கட்டடம், ஆயிரம் வழக்கு. காட்டுக்குள் போட்டால் வனச் சட்டம் குறுக்கே நிற்கும். மலையில் போட்டால் சுரங்கச் செலவு. இது எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பது ஊர் ஓரத்து வயல்களும் தோப்புகளும், அங்கொன்றும் இங்கொன்றுமான வீடுகளும், ஒரு பள்ளியும், சில பட்டறைகளும், ஒரு இடுகாடும். செயற்கைக்கோள் படத்தில் இது வெற்றிடம் மாதிரித் தெரியும். பச்சையும் பழுப்புமாகத்தான் இருக்கும், கட்டடம் கம்மியாக இருக்கும். கோடு போடுகிறவரின் கைக்கு இங்கே தடையே இல்லை.

ஆனால் உண்மையில் இந்தப் பகுதிகள்தான் ரொம்பச் சிக்கலாகப் பின்னிக் கிடக்கிறவை. நகரத்தில் எல்லாம் ஒரே தெருவில் கிடைத்துவிடும். இங்கே வீடு ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம், கிணறு வேறு இடம், பஸ் நிற்பது வேறு இடம், பள்ளிக்கூடம் பக்கத்து ஊரில். ஒரே குடும்பம் ஒரே நாளில் இந்த ஐந்து இடங்களுக்கும் போய் வரும். இந்தப் போக்குவரத்தில் பாதி வரைபடத்தில் இல்லாத ஒற்றையடிப் பாதையிலும் வரப்பிலும் நடக்கிறது. அதனால்தான் அது வெற்றிடமாகத் தெரிகிறது.

சரி, அந்தக் கோடு எப்படி உருவாகிறது? முதலில் இரண்டு முனைகள் முடிவாகின்றன, இங்கிருந்து அங்கே என்று. அடுத்து வடிவமைப்பு வேகம், அதாவது வண்டிகள் எந்த வேகம் வரை பத்திரமாகப் போகும்படி சாலை அமைய வேண்டும் என்பது. இந்த ஒரு எண்ணை யாரும் கண்டுகொள்வதே இல்லை, ஆனால் மிச்சம் எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது இதுதான். வண்டி வளைவில் திரும்பும்போது வெளியே தள்ளப்படும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. அதனால் 80 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறைந்தபட்ச வளைவு ஆரம் தோராயமாக 230 மீட்டர் என்றால், 100 கிலோமீட்டருக்கு 400 மீட்டர் அளவுக்கும், 120க்கு 670 மீட்டர் அளவுக்கும் போய்விடும். நாட்டுக்கு நாடு விதிகளில் கொஞ்சம் மாறும், போக்கு இதுதான். வேகத்தை ஒன்றரை மடங்கு ஆக்கினால் வளைவு கிட்டத்தட்ட மூன்று மடங்கு பெரிதாகிறது.

இதற்கு என்ன அர்த்தம் என்றால், 80க்கு வடிவமைத்த சாலை ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றி வளைந்து போக முடியும், ஒரு குளத்தின் கரையை ஒட்டித் திரும்ப முடியும். 120க்கு வடிவமைத்தது அப்படித் திரும்ப முடியாது. வளைய ஆரம்பித்தால் அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு ஊரை எடுத்துக்கொண்டுதான் நிமிரும். கூட்டத்தில் யாராவது எழுந்து "கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிப் போடக்கூடாதா?" என்று கேட்டால், "தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியம் இல்லை" என்று பதில் வரும். அந்தப் பதில் பொய் இல்லை. ஆனால் அந்தச் சாத்தியமின்மை இயற்கை கொடுத்ததும் இல்லை, யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து 120 என்று எழுதியதில் வந்தது. நிஜமாகக் கேட்க வேண்டிய கேள்வி, இந்த இடத்தில் இந்த வேகம் எதற்கு என்பது. முப்பது கிலோமீட்டர் தூரத்தை 120இல் கடந்தால் 15 நிமிடம், 100இல் கடந்தால் 18 நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்காக எத்தனை வீடு, எத்தனை கிணறு என்று வெளிப்படையாக எழுதிவைத்துவிட்டு அப்புறம் முடிவெடுக்கலாமே.

அடுத்தது அகலம். நான்கு வழிச்சாலை என்றால் இருபத்தைந்து மீட்டர்தானே என்று நினைக்கிறோம். அது மேலே தெரிகிற அகலம். கீழே குறுக்குச் சாலைகளுக்கு வழிவிடவும், வெள்ள மட்டத்துக்கு மேலே நிற்கவும் சாலையை மண் கொட்டி உயர்த்துவார்கள். ஆறு மீட்டர் உயரக் கரை, ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் அகலம் என்ற சரிவு என்று வையுங்கள், பக்கத்துக்குப் பன்னிரண்டு மீட்டர், ஆக இருபத்தைந்து மீட்டர் சாலை தரையில் நாற்பத்தொன்பது மீட்டராகிறது. வடிகால், வேலி, சர்வீஸ் ரோடு எல்லாம் அதற்கு மேல். மண்ணும் எங்கிருந்தோ வர வேண்டும். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிக் கணக்கு சரிக்கட்டப் பார்ப்பார்கள், சமதளமான இடத்தில் வெட்டுவதற்கு மேடே இருக்காது, அப்போது சுற்றுவட்டார நிலங்களைத் தோண்டித்தான் கரை எழும்பும்.

இதையெல்லாம் வேறு மாதிரி யோசித்தவர்கள் இல்லாமல் இல்லை. 1960களின் கடைசியில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ரிச்மண்ட் பார்க்வே என்ற சாலைக்குத் தடம் தேடியபோது, இயன் மக்ஹார்க் என்ற நிலத்தோற்ற வடிவமைப்பாளர் ஒரு முறையைக் கையாண்டார். மண் அரிப்பு, நீர், காடு, வீடுகள், வரலாற்று இடங்கள் என்று ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு கண்ணாடித் தாள். மதிப்பு அதிகமான இடத்தில் அடர்த்தியாகச் சாயம், குறைந்த இடத்தில் வெளிர். எல்லாத் தாள்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் எங்கே வெளிர்ந்து தெரிகிறதோ அங்கே சாலை போனால் சமுதாயத்துக்கு இழப்பு குறைவு. இன்று கணினியில் செய்கிற புவியியல் தகவல் முறைகள் எல்லாவற்றிலும் இந்த அடுக்குகளின் சாயல் இருக்கிறது. எனக்கு இந்த முறை மேல் மரியாதை உண்டு. ஆனாலும் இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. எதற்குத் தாள் இருக்கிறதோ அதுதான் கணக்கில் வரும். காட்டுக்குத் தாள் இருக்கிறது, குளத்துக்கு இருக்கிறது, பழைய கட்டடத்துக்கு இருக்கிறது. இரண்டு இடங்களுக்கு நடுவில் தினமும் நடக்கிற நடைக்குத் தாள் இல்லை. ஒரு பாதையின் இரண்டு முனையும் பத்திரமாக இருக்கும், நடுவில் சாலை போகும், அடுக்கு வரைபடமோ பாதிப்பு இல்லை என்று காட்டும்.

இப்போது பணக்கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் திட்டம் ஒப்புதல் பெறுவது அங்கேதான். நெடுஞ்சாலையின் நன்மை என்று காட்டப்படுவதில் பெரும்பங்கு பயண நேர மிச்சம். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். நாளொன்றுக்கு 30,000 வண்டிகள், வண்டிக்கு 2 நிமிடம் மிச்சம். மொத்தம் 60,000 நிமிடம், அதாவது 1,000 மணி நேரம். அதை மணிக்கு இவ்வளவு என்று பெருக்கி, வருடத்துக்கு இவ்வளவு, முப்பது வருடத்துக்கு இவ்வளவு என்று கொண்டுபோனால் மலைப்பாக ஒரு தொகை வரும். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது என்னவோ அந்த இரண்டு நிமிடம்தான், பெரும்பாலானவர்களுக்கு அது தெரியக்கூடச் செய்யாது.

அதே கணக்கைக் குறுக்கே போடுங்கள். ஒரு குறுக்குப் பாதை அடைபடுகிறது. அதை 300 பேர் போக ஒரு தடவை, வர ஒரு தடவை பயன்படுத்துகிறார்கள். சுற்றிப் போவதில் ஒவ்வொரு தடவையும் 10 நிமிடம் கூடுகிறது. 6,000 நிமிடம், 100 மணி நேரம். ஒரே ஒரு பாதைக்கு. அந்தத் தடம் முழுக்க இப்படிப் பத்துப் பாதைகள் அடைபட்டால், நெடுக்கே மிச்சப்படுத்திய 1,000 மணி நேரமும் குறுக்கே செலவாகிவிட்டது. இவை நான் எடுத்துக்கொண்ட எண்கள், இடத்துக்கு இடம் மாறும். எண்களை வைத்துப் பார்க்காமல் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுக்கிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பிரிட்டனில் சாலையால் இப்படி வழி துண்டிக்கப்படுவதை மதிப்பிட வழிகாட்டு விதிகள் இருக்கின்றன. அதில் லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று சொல்லால் தரம் பிரிக்கிறார்கள். சொல்லால் தரம் பிரித்ததைத் தொகைக்கு எதிரே தராசில் வைத்தால் எது தாழும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சாலை மனிதர்களைப் பிரிக்கும் என்பது வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்பவரும் அவருடைய சக ஆய்வாளரும் சான்ஃபிரான்சிஸ்கோவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டு 1972இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நாளுக்கு 2,000 வண்டிகள் போன தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். 16,000 வண்டிகள் போன தெருவில் அது 0.9. அறிமுகமானவர்களும் 6.3இலிருந்து 3.1 ஆகப் பாதியாகியிருந்தார்கள். அது நகரத் தெரு, இறங்கிக் கடக்கக்கூடிய சாலை. தடுப்புச்சுவரும் வேலியும் போட்டு ஆறு மீட்டர் உயரத்தில் ஓடுகிற சாலையில் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கூட்டத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூட ஹால் ஒன்றில் சுவரை அடைத்து வரைபடம் ஒட்டியிருந்தார்கள். தடம் சிவப்புக் கோடு. வயதான அம்மா ஒருவர் கூட வந்த பேத்தியிடம் "நம்ம வீடு எங்க, காட்டு" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஒரு விரலை அதில் வைத்தார், அப்புறம் மாடு மேய்க்கிற இடத்தைக் கேட்டு அதில் இன்னொரு விரலை வைத்தார். இரண்டு விரலுக்கும் நடுவில் சிவப்புக் கோடு. அங்கே நின்ற அதிகாரி பொறுமையான மனிதர்தான், "அண்டர்பாஸ் இருக்கும்மா, இங்க பாருங்க" என்று தள்ளி ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அந்த அம்மா திரும்பவும் தன் விரல்களைப் பார்த்தார். "இங்க இருந்து இங்க போறதுக்கு நான் எதுக்குத் தம்பி அங்க போகணும்?" என்று கேட்டார். நான் அளவுகோல் வைத்துப் பார்த்தேன், அந்த அண்டர்பாஸ் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. போக இரண்டு, சாலையைக் கடந்து திரும்பி வர இரண்டு. மாடுகளோடு. அதிகாரியிடம் இதற்குப் பதில் இல்லை, ஏனென்றால் அவர் கையில் இருந்த எந்தக் காகிதத்திலும் இந்தக் கேள்வி இல்லை. அந்த அம்மாவின் நிலத்தில் ஒரு துண்டுகூட எடுக்கப்படவில்லை, எனவே அவர் அன்று பாதிக்கப்பட்டவர் பட்டியலில் இல்லை.

அண்டர்பாஸ் "இருக்கிறது" என்பதே பதில் ஆகாது என்பதும் அங்கிருந்துதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. உயரம் எவ்வளவு? இரண்டரை மீட்டர் என்றால் ஆள் போகலாம், மாடு போகலாம், வைக்கோல் ஏற்றிய வண்டி போகாது, அறுவடை இயந்திரம் போகாது, தீயணைப்பு வண்டி போகாது. தரை மட்டம் எங்கே இருக்கிறது? இது ரொம்ப முக்கியம். மேலே சாலையை இன்னும் உயர்த்தினால் செலவு என்பதால் கீழே தோண்டி உயரம் காட்டுவார்கள். படத்தில் உயரம் சரியாக இருக்கும். மழை பெய்தால் சுற்றியிருக்கிற தண்ணீர் எல்லாம் அந்தக் குழிக்குள் இறங்கி நிற்கும், பாதை வருடத்தில் பல வாரங்கள் பாதையாக இருக்காது. வெளிச்சம் உண்டா? சாயங்காலம் தனியாக ஒரு பெண் நடந்து போக முடியுமா, மறுமுனையில் யார் நிற்கிறார்கள் என்று தெரியுமா? நடைமேம்பாலம் போட்டால் ஆறேழு மீட்டர் ஏறி இறங்க முழங்கால் வலிக்காரர்களால் முடியுமா? முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தடுப்பில் ஓர் இடைவெளி உண்டாகும், ராத்திரி அதில் ஒரு விபத்து நடக்கும், செய்தியில் "அஜாக்கிரதையாகச் சாலையைக் கடந்தவர்" என்று வரும். அவர் பத்து வருடமாக நடந்த பாதை அது என்பது அந்தச் செய்தியில் இருக்காது.

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் நடந்தது இந்த இடத்தில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். அங்கே டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது இருபுறமும் வேலி போட்டு விலங்குகளுக்காக 6 மேம்பாலங்களும் 38 அடிவழிகளும் கட்டியிருக்கிறார்கள். 1996இலிருந்து எந்த விலங்கு எதில் போகிறது என்று கால்தடத்தையும் கேமராவையும் வைத்துத் தொடர்ந்து பார்த்தார்கள். கிரிஸ்லி கரடிக்கு அகலமான, திறந்த மேம்பாலம் பிடிக்கிறது, பூமாவுக்கு ஒடுங்கிய அடிவழி பிடிக்கிறது. ஒவ்வொன்றும் பழகிக்கொள்ள வருடங்கள் ஆயின. விலங்குகள் மீது வண்டி மோதுவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அருமையான வேலை, எனக்கு அதில் முழு மதிப்பு உண்டு. எந்த உயிர் எங்கே எப்படிக் கடக்கிறது என்று பார்த்துவிட்டு அதற்கேற்பக் கட்ட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அதே அக்கறையோடு மனிதர்களின் தடத்தையும் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தண்ணீரும் குறுக்கே போகிற ஒன்றுதான். சமதளமான நிலத்தில் மழைத்தண்ணீர் ஓடையில் மட்டும் போவதில்லை. பெருமழையில் வயல் முழுக்க மெல்லிய விரிப்பாகப் பரவி, வரப்பு வரப்பாக இறங்கிச் சரிவான பக்கம் நகரும். அதன் குறுக்கே மைல்கணக்கில் மண்கரை எழுப்பினால் அது அணைதான். அந்த விரிப்பு முழுக்க இனி சில சிறுபாலங்கள் வழியாகத்தான் போயாக வேண்டும். மேல்பக்கம் தண்ணீர் தேங்கி வேர் அழுகும், கீழ்ப்பக்கம் சிறுபாலத்து வாயில் வேகமாகப் பீறிட்டு நிலத்தை அரிக்கும், அதற்கும் கீழே இத்தனை நாள் தண்ணீர் வந்த வயலுக்கு வராமல் போகும். சிறுபாலத்தை ஐம்பது வருட வெள்ளத்துக்கு, நூறு வருட வெள்ளத்துக்கு (சராசரியாக அத்தனை வருடத்துக்கு ஒரு தடவை வரக்கூடிய வெள்ளம்) என்று கணக்குப் போட்டுத்தான் கட்டுகிறார்கள். ஆனால் அளவு சரியாக இருந்தும் இடம் தப்பாக இருந்தால் என்ன செய்வது? சர்வே பெரும்பாலும் காய்ந்த காலத்தில் நடக்கிறது, ஆட்கள் நடக்க வசதி. அப்போது வாய்க்கால் இருந்த அடையாளமே இருக்காது. சிறுபாலத்தின் தரை ஓர் அடி உயரமாகப் போய்விட்டாலே மேல்பக்கம் ஓர் அடி தண்ணீர் வடிய வழியில்லாமல் நிற்கும். எந்த மழைக்கு எதுவரை தண்ணீர் ஏறியது என்பதைச் சுவரில் கறையைக் காட்டிச் சொல்லக்கூடிய ஆட்கள் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு தடம் முழுக்க ஒரு தடவை நடக்க எவ்வளவு செலவாகிவிடப் போகிறது?

அப்புறம் துண்டு நிலம். நேர்கோடு வயல் எல்லைகளைப் பார்த்துப் போவதில்லை, சாய்வாக வெட்டிக்கொண்டு போகும். எடுத்ததற்கு இழப்பீடு கொடுப்பார்கள். மிச்சம் நிற்கிற முக்கோணத்துண்டுக்கு? டிராக்டர் திரும்ப இடம் இல்லை, தண்ணீர் வர வழி இல்லை, கிணறு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. காகிதத்தில் நிலம் அவருடையதுதான், விவசாயம் செய்ய முடியாது. இதற்கு ஒரு நல்ல விடை ஜெர்மனியில் இருக்கிறது, அதை ஏன் அதிகம் பேர் பேசுவதில்லை என்று எனக்கு ஆச்சரியம். அங்கே 1953ஆம் ஆண்டு நிலச் சீரமைப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவு இப்படிப்பட்ட பெரிய திட்டங்களுக்காகவே இருக்கிறது. சாலை யார் நிலத்தில் விழுகிறதோ அவர் மட்டும் முழு இழப்பையும் சுமக்காமல், சுற்றியிருக்கிற பெரிய பரப்பு முழுவதையும் ஒரு தொகுப்பாக எடுத்துக்கொண்டு, எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்து, வயல் எல்லைகளையே சாலைக்கு ஏற்ப மறுபடி வரைகிறார்கள். சாலையின் இரண்டு பக்கமும் சிதறிய நிலத்தை ஒரே பக்கமாக மாற்றிக் கொடுக்கிறார்கள், வயல் பாதைகளும் வடிகாலும் புதிதாக அமைகின்றன. பிரான்ஸிலும் இதைப் போன்ற ஏற்பாடு உண்டு. இதற்குக் காலம் பிடிக்கும், சண்டை வரும், அதெல்லாம் உண்மை. ஆனாலும் சாலையைப் போட்டுவிட்டு ஊரை அதற்குப் பழகிக்கொள்ளச் சொல்வதற்கும், சாலையோடு சேர்த்து ஊரையும் திட்டமிடுவதற்கும் உள்ள வித்தியாசம் இதில் இருக்கிறது.

இத்தனை வண்டி வரும் என்கிற கணிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பென்ட் ஃப்ளூபியர் என்ற டென்மார்க் ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 183 சாலைத் திட்டங்களைப் பார்த்து 2005இல் எழுதியதில், பாதித் திட்டங்களில் உண்மையாக வந்த வண்டிகள் கணிப்பிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தன. புதுச் சாலையே புது வண்டிகளை வரவழைக்கும் என்பதைப் பிரிட்டன் அரசின் ஆலோசனைக் குழு 1994லேயே ஒப்புக்கொண்டுவிட்டது. நகர ஓரங்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். எங்கே ஏறி இறங்க வழி கொடுக்கிறார்களோ அங்கே கிடங்கு வரும், மனைப்பிரிவு வரும், பெட்ரோல் பங்க் வரும், ஊரைச் சுற்றிப் போவதற்காகப் போட்ட புறவழிச்சாலையைச் சுற்றியே ஊர் வளர்ந்துவிடும். அதனால் ஏறுவழி எங்கே என்பது பொறியியல் முடிவு மட்டும் இல்லை, இருபது வருடம் கழித்து நகரம் எந்தப் பக்கம் இருக்கும் என்று இன்றைக்கே முடிவு செய்வது.

இதைப் படித்துவிட்டு நான் சாலையே வேண்டாம் என்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஊருக்கு நடுவில் லாரிகள் பள்ளிக்கூட வாசலை உரசிக்கொண்டு போகிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன், அங்கே புறவழிச்சாலை கேட்பவர்களின் வேதனை எனக்குத் தெரியும். எப்படிப் போடுகிறோம் என்பதுதான் பேச்சு. இங்கிலாந்திலேயே இரண்டு உதாரணம். வின்செஸ்டர் பக்கத்தில் ட்வைஃபோர்ட் டவுன் என்ற சுண்ணாம்புக் குன்றில் எம்3 சாலைக்குச் சுரங்கம் கேட்டார்கள், செலவு என்று சொல்லி மறுத்துவிட்டு, கடும் எதிர்ப்புக்கு நடுவே குன்றைப் பிளந்து 1994இல் திறந்தார்கள். அந்த வெட்டு இன்றைக்கும் தெரியும். ஹைண்ட்ஹெட்டில் ஏ3 சாலைக்கு ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் சுரங்கம் 2011இல் திறந்தது. மேலே இருந்த பழைய சாலையைப் பெயர்த்தெடுத்து நிலத்தைப் பழையபடி புதர்க்காடாக விட்டுவிட்டார்கள், இத்தனை வருடம் சாலையால் பிரிந்திருந்த இரண்டு பக்கமும் சேர்ந்தது. முதலில் முடியாது என்று சொன்ன நாடேதான் இரண்டாவதைச் செய்தது.

எப்போது பேச வேண்டும் என்பதில்தான் நம்மில் பலர் தாமதமாகிவிடுகிறோம். முளைக்குச்சி அடித்து அதில் சிவப்புத் துணி கட்டிய பிறகு எழுகிற குரல், மையக்கோட்டைச் சில மீட்டர் நகர்த்தலாம், அவ்வளவுதான். சாலைக்கான தடம் வரைபடத்தில் முதலில் ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை, அப்புறம் சில நூறு மீட்டர், அப்புறம் கோடு என்று அது சுருங்கிக்கொண்டே வரும். பட்டையாக இருக்கும்போதுதான் பேச இடம் இருக்கிறது. அமெரிக்காவில் 1970இல் நடைமுறைக்கு வந்த தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டப்படி மாற்று வழிகளை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும், எதுவுமே செய்யாமல் விடுவதும் அதில் ஒரு மாற்று. ஐரோப்பாவில் 1998இன் ஆர்ஹுஸ் உடன்படிக்கை, எல்லா வாய்ப்புகளும் திறந்திருக்கும்போதே மக்களைக் கேட்க வேண்டும் என்று எழுத்தில் சொல்கிறது. இந்தியாவின் 1956 தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் நில எடுப்பு அறிவிப்புக்கு எதிராக ஆட்சேபனை சொல்ல 21 நாள். அந்த 21 நாளில் கோடு ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

அதனால் எங்காவது பட்டை அறிவிப்பு வந்திருக்கிறது என்றால், உங்கள் பகுதிக்காரர்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை குறுக்கே போகிறவர்களை எண்ணுவது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பாதையிலும் ஓர் ஆள், ஒரு நோட்டுப் புத்தகம். விடிகாலையிலிருந்து இருட்டும் வரை, மணி வாரியாக. நடந்து போகிறவர், சைக்கிள், இரு சக்கர வண்டி, டிராக்டர், ஆடுமாடு என்று தனித்தனியாக எழுதுங்கள், பள்ளிக் குழந்தைகளைத் தனியாக எழுதுங்கள். சாதாரண நாள் ஒன்று, சந்தை கூடுகிற நாள் ஒன்று, அறுவடை நேரத்தில் ஒன்று என்று வெவ்வேறு நாட்களில் எண்ணுங்கள், இல்லையென்றால் "அன்றைக்கு மட்டும் கூட்டம்" என்று ஒதுக்கிவிடுவார்கள். பாதை வரைபடத்தில் இல்லை என்றால் கைபேசியில் ஜிபிஎஸ் போட்டு நடந்து பதிவு செய்யுங்கள். தண்ணீர் ஏறிய அடையாளங்களைப் படம் எடுத்து இடத்தைக் குறியுங்கள். இதை மனுவோடு அட்டவணையாக இணைத்து, ஒவ்வொரு பாதைக்கும் எதிரே மூன்று கேள்வி கேளுங்கள்: இது திறந்திருக்குமா, இல்லையென்றால் எத்தனை மீட்டர் சுற்று, அந்தச் சுற்றின் நேரம் உங்கள் நன்மைக் கணக்கில் எங்கே கழிக்கப்பட்டிருக்கிறது? கொடுத்ததற்குத் தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அப்போதே கேட்டு வாங்க வேண்டும். பிரிட்டனில் பெரிய சாலைத் திட்டங்களைத் திறந்த ஒரு வருடம் கழித்தும் ஐந்து வருடம் கழித்தும் சொன்னது நடந்ததா என்று மதிப்பிட்டு அறிக்கை வெளியிடுகிறார்கள். வண்டி எண்ணிக்கை, நேரம், விபத்து, சுற்றுச்சூழல் எல்லாம் அதில் வரும். எந்த நாடாக இருந்தாலும் திட்ட ஒப்புதலிலேயே இப்படி ஒரு நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லுங்கள். நீங்கள் எண்ணிய அதே பாதைகளில், அதே மாதங்களில் திரும்ப எண்ண வேண்டும், குறைந்திருந்தால் எங்கே இன்னொரு அண்டர்பாஸ் போடுவது என்பதற்கான பணத்தை முதல் மதிப்பீட்டிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும் என்றும் அந்த மனுவில் எழுதிவிடுங்கள்.